சாட்சிப் புள்ளிகள்

ஜூன் 9, திங்கள்

படம் பிடித்த கேமரா எங்கே நின்றது, எத்திசையை நோக்கியது, எவ்வளவு அகலமாக உலகைக் கண்டது என்னும் மூன்று கேள்விகளுக்கும், படத்தையே ஆதாரமாகக் கொண்டு ஃபிரேம்தோறும் விடை காணும் மேட்ச்மூவ் தொழிலில், விடையைக் கண்டுபிடிப்பதைக் காட்டிலும் கண்ட விடையைப் பிறர் கையில் சிதையாமல் சேர்ப்பதே பெருங்காரியம் என்ற அபிப்பிராயம் எனக்கு நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வருகிறது.

எங்கள் சென்னை அலுவலகத்தில் இப்போது நடக்கும் வேலை அதற்குத் தக்க உதாரணம். நகரத்தின் பழைய கட்டடமொன்றின் முகப்பை நோக்கிக் கிரேனில் இறங்கிவரும் கேமரா, பாதி வழியில் வலப்புறம் திரும்பி, தெருவோடு போகும் ஒரு வாகனத்தைப் பின்தொடர்வதாக ஷாட் அமைந்திருக்கிறது. கேமராவின் இயக்கத்தை நாங்கள், ஜெர்மனியின் சயன்ஸ்-டி-விஷன்ஸ் நிறுவனத்தார் இயற்றிய திரீ-டி ஈக்வலைசரில் தீர்த்து முடித்திருக்கிறோம். வாகனத்தின் இயக்கத்தைத் தீர்க்கும் பொறுப்போ கடல் கடந்த வேறோர் அலுவலகத்தாருடையது. அவர்கள் புழங்குவது சிந்த்ஐஸ். முடிந்த கேமராவை முப்பரிமாண மென்பொருளான மாயாவுக்கு அனுப்பினால் போதும் என்றிருந்தால் வேலை எளிது. இங்கே, ஒரு டிராக்கிங் மென்பொருளில் பிறந்த சால்வ் எனப்படும் விடை, அதற்கு அடிப்படையான இருபரிமாணத் தடங்களோடும் முப்பரிமாணப் புள்ளிகளோடும் லென்ஸின் குணத்தோடும், மற்றொரு டிராக்கிங் மென்பொருளில் குடியேறி, அங்கே மேலும் வேலை செய்வதற்கு உரியதாய் உயிரோடு நிற்கவேண்டும்.

அனுப்புமுன் சால்வைச் சுத்தி செய்வது முதற் கடமை. சராசரிப் பிழை 0.3 பிக்சல் என்று திரையில் கண்டதும் காரியம் சித்தியாயிற்று என்று திருப்தியடைவோர் பலர். ஆனால் சராசரி என்பது பல குற்றங்களை மறைக்கும் திரை. குவியத் தூரத்தை ஃபிரேம்தோறும் தன்னிச்சையாக மாற அனுமதித்தாலும், டிஸ்டார்ஷன் என்னும் லென்ஸ் வளைவுக்குத் தேவைக்கு மிஞ்சிய சுதந்திரம் கொடுத்தாலும், பிழை குறைந்துகொண்டே போகும். கேமரா மட்டும் மெய்யான பாதையை விட்டு விலகிக்கொண்டே போகும். ஆகையால் இன்று ஒவ்வொரு புள்ளியின் பிழைக்கோட்டையும் தனித்தனியே பார்த்தேன். சன்னல் கண்ணாடியில் தெரிந்த பிரதிபிம்பத்தின்மேல் ஊன்றிய புள்ளிகள், காற்றில் அசையும் இலைகளின்மேல் ஊன்றியவை, இரண்டு கம்பிகள் குறுக்கிட்டு உண்டாக்கிய பொய்யான மூலையைப் பிடித்தவை ஆகியவற்றை நீக்கி, அண்மையிலும் சேய்மையிலும் பரந்து நிற்கும் ஸ்திரமான புள்ளிகளை மட்டும் நிறுத்திக்கொண்டேன். ஜூம் இல்லாத லென்ஸாகையால் குவியத் தூரத்தை ஒரே எண்ணாக நிலைநிறுத்தினேன். புள்ளிகளின் பெயர்களில் இடைவெளியும் விசேஷக் குறிகளும் இல்லாதபடி திருத்தினேன்; ஒரு மென்பொருள் பொறுத்துக்கொள்ளும் பெயரை மற்றொன்று பாதியில் வெட்டிவிடும், பிறகு எந்தத் தடம் எந்தப் புள்ளிக்கு உரியது என்ற உறவே அற்றுப்போகும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று முழுவதும் லென்ஸைப் பற்றிய விசாரணை.

ஒரு கேமராவின் பார்வைக் கோணத்தை நிர்ணயிப்பது குவியத் தூரம் மட்டுமன்று. குவியத் தூரத்துக்கும் சென்சாரின் அகலத்துக்கும் உள்ள விகிதமே அதை நிர்ணயிக்கிறது. 35 மில்லிமீட்டர் லென்ஸ் 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரின்மேல் ஏறத்தாழ 54.4 டிகிரி காட்டும். அதே லென்ஸ் 26.40 மில்லிமீட்டர் அகலத்தின்மேல் 41.3 டிகிரிதான் காட்டும். எங்கள் ஷாட் ஆரி அலெக்சா மினியில் 3200-க்கு 1800 பிக்சலாகப் பதிவானது. அந்தப் பதிவுமுறையில் பயன்படும் சென்சார்ப் பரப்பு 26.40-க்கு 14.85 மில்லிமீட்டர். அதே கேமராவின் முழுச் சென்சாரையும் பயன்படுத்தும் முறையில் அகலம் 28.25 மில்லிமீட்டர். படப்பிடிப்புக் குறிப்பில் கேமராவின் பெயரை மட்டும் கண்டு ஒருவர் 28.25 என்று எழுதிவிட்டால் என்ன நேரும்? விகிதம் படத்திலிருந்தே கிடைப்பதால் சால்வ் கெட்டுப்போகாது. 35 மில்லிமீட்டர் லென்ஸ் 37.45 என்று வெளிப்படும், அவ்வளவே. இரண்டு பொய்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும். ஆனால் அந்தச் சால்விலிருந்து குவியத் தூரத்தை மட்டும் எடுத்து, சரியான சென்சார் அகலத்தோடு மற்றொரு மென்பொருளில் சேர்த்துவிட்டால், அந்தக் கணமே படம் பெயர்ந்துவிடும். இவ்விரு எண்களையும் ஒருபோதும் பிரித்து அனுப்பலாகாது என்பது இதன் தாத்பரியம்.

லென்ஸின் மையம் சென்சாரின் மையத்தோடு பொருந்தாதபோது அந்த விலக்கத்தையும் எழுதியனுப்ப வேண்டும். ஈக்வலைசரிலிருந்து வரும் விலக்கம் 0.4 மில்லிமீட்டர் என்றால், ஃபிலிம் ஆஃப்செட்டை அங்குலத்தில் கேட்கும் மாயாவில் அது 0.0157 ஆகவேண்டும். 0.4 என்றே எழுதினால் 10.16 மில்லிமீட்டர் என்று பொருளாகி, படத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்துபோகும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் படும், திருத்திவிடலாம். விலக்கத்தின் குறி மட்டும் மாறிப்போகும் சிறு பிழைதான் மறைந்திருந்து வருத்தும்.

டிஸ்டார்ஷனின் நிலை இன்னும் சிக்கலானது. நேர்கோடுகளை லென்ஸ் வளைக்கும் விதத்தைக் கணிதமாகச் சொல்வதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு: வளைந்த படத்திலிருந்து நேர்ப்படத்துக்குச் செல்லும் வழியை ஒன்று சூத்திரமாக எழுதும், மற்றொன்று எதிர்த்திசையில் எழுதும், தூரத்தை ஒன்று படத்தின் அகலத்தால் வகுக்கும், வேறொன்று மூலைவிட்டத்தின் பாதியால் வகுக்கும். ஆகையால் ஈக்வலைசரின் குணகங்களை அப்படியே சிந்த்ஐஸின் பெட்டியில் எழுதுவது பயனற்றது மட்டுமன்று, விபரீதமானது. இதற்கு எங்கள் தொழில் கண்ட நல்ல வழி எஸ்டி மேப். ஒவ்வொரு பிக்சலும் எங்கிருந்து எடுக்கப்படவேண்டும் என்பதைச் சிவப்பு, பச்சை ஆகிய இரு நிறங்களில் எழுதிய படம் அது; எந்தச் சூத்திரத்தையும் அறியாத மென்பொருள்கூட அதைக்கொண்டு வளைவை நீக்கவும் திரும்பச் சேர்க்கவும் இயலும். ஆனால் அந்தப் படத்தை 32 பிட் மிதவைப்புள்ளி எண்களில் எழுதவேண்டும். 16 பிட் மிதவைப்புள்ளி எண், அரைக்கும் ஒன்றுக்கும் இடையில், 2048-இல் ஒரு பங்கு என்ற படிகளாகத்தான் நடக்கும். 3200 பிக்சல் அகலத்தில் அந்தப் படி ஒன்றரைப் பிக்சலுக்கும் சற்று அதிகம். கால் பிக்சலுக்காகப் பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு, கடைசியில் கோப்பின் வகையால் அதைப் பறிகொடுப்பது நியாயமா?

வளைவை நீக்கும்போது ஓரங்கள் வெளியே விரிவதால் படத்துக்கு ஓவர்ஸ்கேன் சேர்க்கிறோம். பத்து சதவீதம் பெரிதாக்கி 3520-க்கு 1980 என்று அமைத்தால், சென்சாரையும் அதே விகிதத்தில் 29.04-க்கு 16.335 மில்லிமீட்டர் என்று பெரிதாக்கவேண்டும். குவியத் தூரத்தைத் தொடக்கூடாது.

ஜூன் 11, புதன்

திசைகளும் கோணங்களும்.

மாயாவிலும் நியூக்கிலும் வானத்தை நோக்குவது ஒய் அச்சு. பிளெண்டரிலும் 3டிஎஸ் மேக்ஸிலும் இசட் அச்சு. சிந்த்ஐஸ் இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது. ஒய் மேல்நோக்கும் உலகிலிருந்து இசட் மேல்நோக்கும் உலகுக்குப் போகும் புள்ளியின் எக்ஸ் அப்படியே நிற்க, பழைய இசட்டின் எதிர்க்குறி புதிய ஒய்யாகவும், பழைய ஒய் புதிய இசட்டாகவும் ஆகும். புள்ளிகளுக்கு இதைச் செய்துவிட்டுக் கேமராவுக்குச் செய்ய மறந்தவர்களும் உண்டு. கேமராவின் இடத்தை மாற்றி, சுழற்சியை மாற்றாமல் விட்டவர்களும் உண்டு. கேமரா, புள்ளிகள், அளவெடுத்த கட்டட மாதிரி ஆகிய எல்லாவற்றையும் ஒரே குழுவாகக் கட்டி ஒரே தடவையாகத் திருப்புவதே க்ஷேமம்.

சுழற்சியின் கிரமம் அதனினும் சூக்ஷ்மமானது. மூன்று அச்சுகளைப் பற்றிய மூன்று கோணங்களை எந்த வரிசையில் நிகழ்த்துகிறோமோ அதைப் பொறுத்துக் கேமரா வேறு வேறு திசையில் போய் நிற்கும். மாயா சாதாரணமாக எக்ஸ்-ஒய்-இசட் வரிசையையும், நியூக் இசட்-எக்ஸ்-ஒய் வரிசையையும் கொள்கின்றன. கோணங்கள் சிறியனவாய் இருக்கும்வரை இந்த வேற்றுமை தெரிவதில்லை. ஆகவே முதல் ஃபிரேமைப் பார்த்து எல்லாம் சரி என்று முடிவுகட்டுவது ஆபத்து. கேமரா மிக அதிகமாகத் திரும்பியும் தாழ்ந்தும் இருக்கும் ஃபிரேமைத் தேடி, அங்கேதான் பரீட்சை செய்யவேண்டும்.

கோணம் 179.8 டிகிரியிலிருந்து அடுத்த ஃபிரேமில் −179.9 என்று தாவினால், உண்மையில் நடந்தது 0.3 டிகிரி அசைவுதான். இரண்டு ஃபிரேமிலும் படம் சரியாகவே பொருந்தும். ஆனால் அசைவின் மங்கலைக் கணக்கிட இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தை நாடும் மென்பொருள், அங்கே சுழியத்தை நெருங்கிய ஒரு கோணத்தைக் கண்டு, கேமராவை முதுகுப்புறம் திருப்பிவிடும். ஆதலால் கோணக்கோடுகளைத் தொடர்ச்சியாக்கி, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு கீ (விசை) என்று பதித்துவைத்தேன்.

எழுத்துக் கோப்பாக அனுப்பும்போது தசம ஸ்தானங்களையும் கவனிக்கவேண்டும். எங்கள் கேமராவில் ஒரு பிக்சல் சென்சாரின் 0.00825 மில்லிமீட்டர், ஆகவே 35 மில்லிமீட்டர் என்பது சுமார் 4242 பிக்சல். கோணத்தை இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் 0.005 டிகிரி வரை முழுமையாக்கல் பிழை ஏற்படும். அது படத்தின் நடுவில் 0.37 பிக்சல். ஃபிரேமுக்கு ஃபிரேம் அப்பிழை ஏறியும் இறங்கியும் மாறுவதால், அழகாக இறங்கிவந்த கிரேன் நடுங்கத் தொடங்கும். எட்டுத் தசமங்கள் எழுதுவதற்குச் செலவு ஏதுமில்லை.

கட்டடத்தை லைடார் என்னும் லேசர் கருவியால் அளந்தவர்கள் தங்கள் அளவுகளை யூடிஎம் நிலவரைபட முறையில் கொடுத்திருக்கிறார்கள். சென்னை அம்முறையில் பூமத்தியரேகையிலிருந்து பதினான்கு லட்சம் மீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. அவ்வளவு பெரிய எண்ணை 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணாக எழுதினால் அதன் மிகச் சிறிய படி 12.5 சென்டிமீட்டர், கல்தளத்தின் விளிம்பும் சன்னலின் மூலையும் அந்தப் படிகளில் ஏறி இறங்கிச் சிதைந்துபோகும். அதனால் கட்டட வாயிற்படியை ஆதிப்புள்ளியாக்கி எல்லாவற்றையும் அங்கே நகர்த்தினேன். நகர்த்திய தூரத்தை முழு எண்ணாகக் குறிப்பில் எழுதிவைத்தேன். மாயாவின் அலகு சென்டிமீட்டர், பிளெண்டரின் அலகு மீட்டர்; ஆகவே நம் அலகு எது என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும்.

ஜூன் 12, வியாழன்

காலக் கணக்கும் தடங்களின் கணக்கும் இன்று முடிந்தன. படக்கோப்புகள் 1001 என்ற எண்ணில் தொடங்குகின்றன. மென்பொருளோ தனக்குள் ஒன்றிலிருந்து எண்ணலாம், சுழியத்திலிருந்தும் எண்ணலாம். எனவே கேமராவின் முதல் விசை 1001-இல்தான் விழுகிறதா என்று பார்த்ததோடு, வினாடிக்கு 24 ஃபிரேம் என்பதையும் குறித்தேன். வினாடியை அளவாகக் கொண்டு காலத்தை எழுதும் அலெம்பிக் போன்ற கோப்புகளில், 24-க்குப் பதிலாக 23.976 என்று பெறுவோர் திறந்தால், விசைகள் ஃபிரேம்களின்மேல் விழாமல் சிறிது சிறிதாக விலகும்.

இருபரிமாணத் தடங்களில் ஒரு மென்பொருள் இடது கீழ் மூலையிலிருந்து எண்ணும். மற்றொன்று இடது மேல் மூலையிலிருந்து எண்ணும். பிக்சலையே விட்டுவிட்டு −1 முதல் +1 வரை அளப்பதும் உண்டு. 1800 பிக்சல் உயரத்தில் கீழிருந்து 500 என்பது மேலிருந்து 1300. பிக்சலின் நடுவையே முழு எண்ணாகக் கொள்ளும் முறையிலோ அது 1299. எந்த முறை என்று சொல்லாவிட்டால் இந்த ஒரு பிக்சல் யாருக்கும் புலப்படாமல் சால்வுக்குள் புகுந்து, லென்ஸின் மைய விலக்கமாக வேஷம் போட்டுக்கொள்ளும். தடங்கள் வளைந்த படத்தின்மேல் எடுத்தவையா, நேராக்கிய படத்தின்மேல் கணக்கிட்டவையா என்பதையும் தலைப்பிலேயே எழுதினேன். இல்லையேல் பெறுவோர் வளைவை இரண்டாம் முறையும் நீக்க நேரும்.

ஜூன் 13, வெள்ளி

இந்தக் கோப்புகளின் பொதியை அனுப்புமுன், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம்பெண்ணிடம் கொடுத்து, என்னிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், குறிப்பை மட்டும் படித்து அதைச் சிந்த்ஐஸில் திறக்கச் சொன்னேன். திறந்து பார்த்துவிட்டு, “சார், பொருந்துதான்னு தெரியுது. ஆனா பொருந்தலைன்னா எங்கே தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி, வேலை நேரம் முடிந்த பிறகு அதையே உட்கார்ந்து பேசினோம்.

பிழைகள் எல்லாம் படத்தின்மேல் புள்ளிகளின் வழுக்கலாகத்தான் தோன்றும். ஆயினும் ஒவ்வொன்றின் லக்ஷணமும் வேறு. கேமரா நிற்கும்போது பொருந்தி, வேகமெடுக்கும்போது வேகத்துக்கு ஏற்ப விலகி, மறுபடி நிற்கும்போது பொருந்தினால், ஃபிரேம் எண்ணில் தவறு. நடுவில் பொருந்தி ஓரங்களில் வளைவாக விலகினால், டிஸ்டார்ஷனில் தவறு. நடுவில் பொருந்தி ஓரங்களை நோக்கி ஒரே சீராக, நேர்விகிதத்தில் விரிந்தாலோ சுருங்கினாலோ, குவியத் தூரத்துக்கும் சென்சாருக்கும் உள்ள விகிதத்திலோ ஓவர்ஸ்கேனிலோ தவறு. படம் முழுவதும் ஒரே அளவு ஒரே திசையில் எப்போதும் நகர்ந்து நின்றால், மைய விலக்கத்தில் தவறு. கேமரா நேரே நோக்கும்போது சரியாய் இருந்து, திரும்பித் தாழும்போது கோணலானால், சுழற்சிக் கிரமத்தில் தவறு. காரணமற்ற நடுக்கம் இருந்தால் தசமங்களையோ, ஆதிப்புள்ளியின் தூரத்தையோ ஆராயவேண்டும். புள்ளிகளும் கேமராவும் ஒன்றோடொன்று பொருந்தி, நாம் வைக்கும் புதிய பொருள் மட்டும் மலைபோலவோ எறும்புபோலவோ தோன்றினால், அலகில் தவறு.

இவற்றை அவளே ஒரு பக்கமாக எழுதிப் பொதியோடு சேர்த்தாள். நான் ஐந்து சாட்சிப் புள்ளிகளைச் சேர்த்தேன்: இன்ன பெயருள்ள புள்ளி, இன்ன முப்பரிமாண இடம், 1001, 1040, 1096 ஆகிய ஃபிரேம்களில் நேராக்கிய படத்தின்மேல் விழவேண்டிய பிக்சல் இடம். மூன்று ஃபிரேம்களுள் ஒன்று தொடக்கம். ஒன்று கேமராவின் வேகம் உச்சத்தில் இருக்கும் கணம். ஒன்று திருப்பம் உச்சத்தில் இருக்கும் கணம். புள்ளிகளுள் ஒன்று நடுவில், மற்றவை நான்கு மூலைகளுக்கு அருகே. பத்திரம் எழுதுவோர் மனையின் பரப்பளவை எழுதியதோடு நில்லாமல் நான்கெல்லையையும் எழுதுவது, வாங்குபவன் நேரில் வந்து நின்று தன் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்வதற்காக அல்லவா? சாட்சிப் புள்ளிகளின் பிரயோஜனமும் அதுவே.

ஜூன் 15, ஞாயிறு

ஓய்வாக இருந்து, இந்தத் தொழிலின் வேர்களைப் பற்றிப் படித்தேன். இரண்டு படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளிலிருந்து கேமராக்களின் உறவைக் கணக்கிடலாம் என்பது கம்ப்யூட்டர்களுக்கு முந்திய ஞானம். உள்ளமைப்பு தெரிந்த இரண்டு படங்களுக்கு ஐந்து புள்ளிகள் போதும் என்று ஆஸ்திரிய அறிஞர் எர்வின் க்ருப்பா 1913-இலேயே காட்டியிருக்கிறார். 1981-இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் ‘நேச்சர்’ இதழில் எட்டுப் புள்ளிகளைக் கொண்டு நேராகக் கணக்கிடும் வழியை வெளியிட்டார். சினிமா இதைத் தன் தேவைக்கு வளர்த்தது. ஈக்வலைசரை உருவாக்கிய ஊவே சாசன்பர்க், ரோல்ஃப் ஷ்னைடர் இருவரும் ஆஸ்கர் நிறுவனத்தாரின் தொழில்நுட்ப விருதைப் பெற்றனர்.

இவ்வளவு வளர்ந்த சாஸ்திரத்திலும் மாறாத ஓர் எல்லை உண்டு. படம் மட்டும் சாட்சியாக இருக்கும்வரை, உலகம் எவ்வளவு பெரியது, எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் மேல் என்பவை தெரியவே மாட்டா. ஒரு தெருவை ஒரு கேமரா கடந்து போனதும், அத்தெருவின் சிறு மாதிரியை அதே விகிதத்தில் சிறுத்த இயக்கத்தோடு கடந்து போனதும் ஒரே புள்ளித் தடங்களையே தரும். இடத்துக்கு மூன்று, திசைக்கு மூன்று, அளவுக்கு ஒன்று என ஏழு விஷயங்களை மனிதன்தான் வெளியிலிருந்து கொடுக்கவேண்டும். அவற்றை நாம் வாயிற்படியிலிருந்தும் லைடாரிலிருந்தும் கொடுத்தோம். பெறுபவர் அவற்றை நம் வார்த்தையின்மேல் நம்பியே ஏற்றுக்கொள்கிறார். ஆகவே சால்வ் என்பது கணக்கின் விடை மாத்திரமன்று. பல உடன்பாடுகளின்மேல் நிற்கும் ஒரு தீர்ப்பு. கோப்பு தீர்ப்பைத்தான் சுமக்கும். உடன்பாடுகளை நாமே எழுதவேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

கடல் கடந்த அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஐந்து சாட்சிகளுள் நான்கு தத்தம் இடத்தில் விழுந்தன. வலது மேல் மூலையில் உள்ளது மட்டும் இரண்டு பிக்சல் விலகி நின்றது என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் விசாரிக்கத் தொடங்குமுன்பே, அதே கடிதத்தின் பின்பகுதியில், இளம்பெண் எழுதிய பக்கத்தைப் பார்த்து ஓரத்தில் வளையும் விலகல் டிஸ்டார்ஷனுடையது என்று ஊகித்ததாகவும், தங்கள் பக்கத்தில் எஸ்டி மேப் தானியங்கியாக 16 பிட்டுக்கு மாற்றப்பட்டிருந்ததைக் கண்டு திருத்தியதாகவும், இப்போது ஐந்தும் பொருந்துவதாகவும் தெரிவித்திருந்தார்கள். கேமராவைத் தொடாமலே வாகனத்தின் டிராக்கிங்கைத் தொடங்கிவிட்டார்களாம்.

சாட்சிகள் இல்லாதிருந்தால் அந்த இரண்டு பிக்சலை வாகனத்தின் சால்வ் தன் பிழையாக ஏற்று, தன் இயக்கத்தைக் கோணலாக்கிக்கொண்டு ஈடுகட்டியிருக்கும். பொருளின் இயக்கத்தைத் தீர்ப்பவர் கேமராவைச் சந்தேகிக்க இடமின்றி ஏற்றவர். ஆகையால் கேமராவிலோ லென்ஸிலோ உள்ள குற்றம் அவர் வேலையில் குற்றமாகவே வெளிப்படும், பழியும் அவர்மேலேயே விழும். மேட்ச்மூவ் செய்பவனின் வேலை திரையில் யாருக்கும் தெரிவதில்லை. சரியாக இருக்கும்வரை அது இருப்பதாகவே யாரும் எண்ணுவதில்லை. அப்படிப்பட்ட தொழிலில் ஒருவர் மற்றொருவருக்குச் செய்யக்கூடிய மரியாதை, தன் விடையை நம்பும்படி கேட்பதன்று. அதைச் சோதிக்கும் கருவியையும் சேர்த்துக் கொடுப்பது.

இனி எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போகும் எந்தச் சால்வும், சென்சார் அளவு, அச்சு, சுழற்சிக் கிரமம், அலகு, முதல் ஃபிரேம், பிக்சல் எண்ணும் முறை ஆகிய ஆறும் எழுதிய ஒரு பக்கமும், குறைந்தது ஐந்து சாட்சிப் புள்ளிகளும் இன்றிப் போகக்கூடாது என்று விதி செய்திருக்கிறோம். அந்தப் பக்கத்தைத் தானே எழுதித் தரும் சிறு நிரலை அந்த இளம்பெண் இயற்றத் தொடங்கியிருக்கிறாள். அது முடிந்ததும் கேட்பவர் யாராயினும் கொடுப்பதென்று தீர்மானித்தோம்.